பொத்தையில் (சிறு பாறைக்குன்றில்) ஒரு ராத்திரி: பாளையங்கோட்டையிலிருந்து ஓர் எளிய மலைத்தங்கல், நிகழ்வு ஆய்வு

நண்பர்கள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பாளையங்கோட்டையில் இருந்து கிளம்ப வேண்டும், ஏதாவது ஒரு மலை மேலே டென்ட் போட்டுப் படுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மொத்தம் ஏழு பேர். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற நாங்கள் நான்கு பேர், அதில் ஒருவரின் மனைவி (எங்களுக்கு மதினி), அவர்களுடைய 11 வயதுப் பையன், அப்புறம் முழங்கால் வலியோடு வருவேன் என்று அடம்பிடித்த 58 வயதுச் சித்தப்பா. ஒருவரும் அதுவரை டென்டுக்குள் படுத்ததில்லை. திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், திருநெல்வேலியைச் சுற்றி இந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு இடம் தேடுகிறவர்கள் எல்லோருமே முதலில் டென்ட் விலை, ஸ்லீப்பிங் பேக், ஹெட்லைட் என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை. எந்த மலையில் படுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அங்கே தண்ணீர் எப்படி ஏறும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு சாயங்கால வேலைதான். பதில் கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல டென்ட் இருந்தும் ராத்திரி எட்டு மணிக்கு மூட்டை கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

மேற்கே தெரிகிற நீல மலை ஏன் இல்லை

நம் ஊரில் மலை என்றாலே கை மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான் நீளும். குழுவில் முதலில் வந்த பெயரும் மாஞ்சோலைதான். அந்த மலை முழுக்க களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உண்டாக்கியது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் அதுதான். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த இடம் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். குத்தகை 2028-ல் முடிகிறது, 2024-லேயே தோட்ட வேலை நின்று குடும்பங்கள் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டன. வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் பகலில் போய், பொழுது சாய்வதற்குள் இறங்குவதுதான் அங்கே நடைமுறை. மேலே போய் எங்கேயாவது ஓரமாக டென்ட் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருப்பதை அவருக்குச் சொல்லுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம், படுத்துத் தூங்குவது அப்புறம்.

அடுத்து அகத்தியர் மலை. பொதிகையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் 1,868 மீட்டர் உச்சிக்கு இப்போது வழி கேரளப் பக்கம் போனக்காட்டில் இருந்து, அதுவும் வருடத்தில் குறிப்பிட்ட சில வாரங்கள், முன்பதிவோடு, போய்வர மூன்று நாள். சித்தப்பாவின் முழங்காலைப் பற்றி நான் பேச வேண்டியதே வரவில்லை, அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

திருக்குறுங்குடி மலை நம்பி கோவில், பகலில் போய்வரும் இடம். கடையம் பக்கம் தோரணமலை, படி ஏறி முருகனைப் பார்த்து இறங்கும் மலை. ராத்திரிக்கு அது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அந்த மலையடிவாரம் முழுக்கக் கரடி நடமாட்டம். 2022 நவம்பரில் கடையம் அருகே கரடி தாக்கி மூன்று பேர் படுகாயம் அடைந்தது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறந்திருக்காது. 2024 மே மாதம் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரத்திலும் அணவன்குடியிருப்பிலும் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்தது. ஊருக்குள்ளேயே இந்த நிலைமை என்றால் மலையடிவாரத்தில், தோட்டக்காரர் சரி சொல்லிவிட்டார் என்பதற்காக ஒரு துணிக்கூடாரத்தில் பிள்ளையைப் படுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வயநாட்டில் மேப்பாடி அருகே 2021 ஜனவரியில் ஒரு டென்ட் தங்குமிடத்தில் யானை தாக்கி ஒரு பெண் இறந்தார், அதுவும் தனியார் இடம்தான், காசு கொடுத்துத் தங்கியவர்தான்.

வல்லநாடு? தூத்துக்குடி சாலையில் இருபது கிலோமீட்டருக்குள், ஏறவும் பெரிய மலை இல்லை, ஆனால் வெளிமான் சரணாலயம். முடிந்தது. சீவலப்பேரி பக்கம் மறுகால்தலையில் பூவிலுடையார் மலை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி, ஏனென்றால் அது படுப்பதற்கென்றே செதுக்கிய மலை. துறவிகளுக்கான கற்படுக்கையும் அதன் மேலே தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், சூரியன் இருக்கும்போது போய்ப் பார்க்கலாம். படுக்க அனுமதி கிடைத்தவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவர்கள்.

அரசாங்கமே நடத்தும் மலையேற்றத் திட்டம் ஒன்று 2024 அக்டோபரில் தொடங்கியது, மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. நல்ல ஏற்பாடு, ஆனால் பகல் நடைக்கானது. தவிர பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவு வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள், அதே வருடம்தான் மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகளே வந்தன. வனத்துறை கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தத் தேதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், காட்டில் தங்குவது நம் மக்களுக்குப் புதிது கிடையாது. சொரிமுத்து அய்யனார் கோவில் ஆடி அமாவாசைக்கு அண்டா குண்டாவோடு போய்க் குடில் போட்டு வாரக்கணக்கில் இருந்துவிட்டு வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது அதையும் சில நாட்களுக்குச் சுருக்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சிறுவயதில் இருந்தவர்தான் எங்கள் சித்தப்பா, டென்டைப் பார்த்ததும் அவர் கேட்டது, "ஏப்பா, இதுக்குள்ள காலை நீட்ட முடியுமா?"

குற்றாலப் பக்கம் காசு கொடுத்தால் டென்ட், கட்டில், கழிப்பறை எல்லாம் வைத்துத் தரும் தனியார் இடங்கள் உண்டு. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி, இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்துக்குத் தேவை வேறு.

பொத்தை

திருநெல்வேலிக்கும் மலைத்தொடருக்கும் நடுவே, வயலுக்கும் குளத்துக்கும் இடையில், திடீர் திடீரென்று எழுந்து நிற்கிற பாறைக்குன்றுகளை நம் பக்கம் பொத்தை என்போம். சுற்றுலா வரைபடம் எதிலும் வராது. நூறு மீட்டர் உயரம் இருந்தாலே பெரிய பொத்தை. ஆனால் மேலே ஏறி நின்றால் கிழக்கே செம்மண் தேரிக்காட்டுப் பக்கம் வரைக்கும், மேற்கே முழு மலைத்தொடரும் மறைப்பில்லாமல் தெரியும், கீழே எந்த நேரமும் ஒரு ஊர் இருக்கும், மருத்துவமனை அரைமணி முக்கால் மணி தூரத்தில் இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மலை எனக்குத் தெரியவில்லை. நீல மலையில் படுத்தால் நீல மலை தெரியாது என்பதும் உண்மைதானே.

பொத்தையிலும் எல்லாப் பொத்தையும் ஆகாது. சில பொத்தைகள் காப்புக்காடு. பல, அரசுப் புறம்போக்கு, பதிவேட்டில் கல்லாங்குத்து என்றோ பாறை என்றோ இருக்கும். சில கோவில் நிலம். மிச்சம் இருப்பதில் ஒரு பகுதி கல்குவாரிக்காரர்கள் கையில்; அதன் பக்கமே போகக் கூடாது, வெடி வைத்துத் தளர்ந்த பாறை எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரியில் பாறை சரிந்து நான்கு உயிர் போனது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலே சதுரமாக வெட்டிய பள்ளமும் பச்சையாகத் தேங்கிய தண்ணீரும் தெரியும், அப்படித் தெரிந்தால் அந்தப் பொத்தையை விட்டுவிடுங்கள்.

நாங்கள் தேடியது பட்டா நிலத்தில், குறைந்தது ஏறும் சரிவும் படுக்கும் இடமும் பட்டாவுக்குள் வரும் ஒரு பொத்தை. தெரிந்தவர் வழியாகக் கிடைத்தது, பாளையங்கோட்டையிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், மலையடிவாரத்துக்குப் பல கிலோமீட்டர் கிழக்கே. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த வாரம் ஐம்பது பேர் போய் நிற்பார்கள், பாவம் அந்த நிலத்துக்கார அண்ணாச்சி. வாய் வார்த்தையை மட்டும் நம்பாமல் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டாவும் அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) பார்த்தோம். இது பத்து நிமிட வேலை. அதில், உச்சிப் பாறை புறம்போக்கு, மேற்குத் தோள் (உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள மேற்குப் பக்கத் தட்டு) வரைக்கும்தான் அண்ணாச்சியின் பட்டா என்று தெரிந்தது. ஆகவே உச்சியில் படுப்பதில்லை, தோளில் படுத்துவிட்டு விடியற்காலையில் உச்சிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவானது. சட்டத்துக்காக எடுத்த இந்த முடிவு காற்றுக்கும் சரியாக அமைந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வேலை ஊரில் சொல்வது. உச்சியில் ஒரு சின்ன சாஸ்தா கோவில் இருந்தது, பங்குனி உத்திரத்துக்கு நான்கைந்து குடும்பங்கள் வந்து பொங்கல் வைக்கும் கோவில். அந்தக் குடும்பத்துப் பெரியவரை நேரில் போய்ப் பார்த்தோம். செருப்போடு பாறையின் மேல்தட்டுக்கு வரக்கூடாது, கறி, குடி ஆகாது, அவ்வளவுதான் அவர் கேட்டார். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் பெயர், கைபேசி எண், வண்டி எண் எழுதிக் கொடுத்தோம். இதற்குச் சட்டப்படித் தேவை இருக்கிறதா என்று ஒரு நண்பர் வாதாடினார். தேவை சட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. அறிமுகம் இல்லாத ஏழு பேர் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மலை ஏறினால் ஒன்று புதையல் எடுக்க வந்தவர்கள், இல்லை வம்புக்கு வந்தவர்கள் என்றுதான் எந்த ஊரும் நினைக்கும், அப்படி நினைக்க இந்த மாவட்டத்து ஊர்களுக்குக் காரணமும் இருக்கிறது.

எந்த மாதம், எந்த நாள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன, அந்தக் காற்றில் பொத்தை மேல் டென்ட் நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வடகிழக்குப் பருவமழை, இடியும் மின்னலும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் பார்த்த பிறகு டிசம்பரில் வெட்டவெளியில் படுப்போம் என்று யாரும் கேட்கவில்லை. மார்ச்சுக்கு மேல் வெயில், காய்ந்த புல், தீ. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் கோவில் கொடை, ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி. மிச்சம் இருப்பது தை மாதம்.

அதிலும் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமையை எடுத்தோம். வளர்பிறை அஷ்டமி வாக்கில் பொழுது சாயும்போதே நிலா தலைக்கு மேலே இருக்கும், டென்ட் போட, சாப்பிட, பையன் தடுக்கி விழாமல் நடக்க வெளிச்சம் கிடைக்கும், நடுராத்திரியை ஒட்டி மறைந்துவிடும், வானம் பார்க்க வேண்டும் என்பவர்கள் அதற்கு மேல் விழித்திருக்கலாம். பூசத்தை ஒட்டிப் போனால் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் சாலை நிறைய இருப்பார்கள், ராத்திரி வண்டி ஓட்டுவது கஷ்டம். அந்த மாதத்தில் சூரியன் மறைவது ஆறே கால், ஆறரை மணிக்குள். மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஆகவே நாலரை மணிக்கு அடிவாரம், ஐந்தேகாலுக்குள் மேலே என்று கணக்கு வைத்தோம்.

தண்ணீர், சாப்பாடு, அந்த இன்னொரு கேள்வி

பொத்தை மேல் தண்ணீர் கிடையாது. சுனை என்று ஒன்று இருக்கும், அதில் குரங்கு குளிக்கும். ஒரு ஆளுக்குச் சாயங்காலம் முதல் காலை வரை குடிக்க இரண்டரை லிட்டர், கை கழுவ, வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் என்று வைத்தால் ஏழு பேருக்கு 25 லிட்டர் சொச்சம், கையிருப்புக்கு இன்னொரு ஐந்து, மொத்தம் 30. அதாவது 30 கிலோ. சாய்ந்த பாறையில் 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்து ஏறுகிறவன் விழுந்தால் கேன் மட்டும் உடையாது. இரண்டு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து ஆளுக்கு இரண்டு, எங்கள் நான்கு பேர் முதுகில் மிச்சம். மேலே சமைப்பதில்லை என்ற முடிவு இந்தக் கணக்கில்தான் பிறந்தது. சமைத்தால் அரிசி கழுவ, பாத்திரம் தேய்க்க என்று தண்ணீர் இரட்டிப்பாகும், அடுப்பு வேண்டும், தை மாதப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் அணைக்கத் தண்ணீரும் இல்லை. கேம்ப் ஃபயர் இல்லாமல் என்ன கேம்பிங் என்று ஒரு நண்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு சார்ஜர் விளக்கு கொடுக்கப்பட்டது.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் கட்டுச்சோற்று ஞானம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. ராத்திரிக்குப் புளியோதரை, தேங்காய்த் துவையல், வத்தல். காலைக்கு, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழை இலையில் கட்டிய இட்லி, அது மறுநாள் காலை வரைக்கும் கெடாது, சொல்லப்போனால் மறுநாள்தான் ருசி. இரண்டு பெரிய பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. அல்வா வேண்டாம் என்று சொல்லியும் ஒருவர் கொண்டுவந்தார், எறும்புக்கு நல்ல விருந்து.

சரி, எல்லாம் பேசி முடித்த பிறகு மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி எங்க போறது?" அதுவரைக்கும் நாலு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் அந்த வரியே இல்லை. பாறையில் குழி தோண்ட முடியாது. அண்ணாச்சியின் மோட்டார் ரூமை ஒட்டிக் கழிப்பறை உண்டு, ஆனால் அது அடிவாரத்தில். தோளின் ஒரு ஓரத்தில் மண் ஆழமாக இருக்கும் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து, ஒரு சாண் ஆழத்தில் இரண்டு குழி தோண்டி, மண்ணைப் பக்கத்திலேயே குவித்து, ஒரு பழைய வேட்டியும் நான்கு கம்பும் வைத்து மறைப்புக் கட்டினோம். டார்ச் ஒன்று அங்கேயே தொங்கியது. இந்தக் கேள்விக்கு விடை இல்லாத திட்டத்தில் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் தலைவலியோடு படுப்பார்கள். திட்டம் போடும் கூட்டத்தில் முதல் நாளே ஒரு பெண்ணை உட்கார வையுங்கள்.

படுக்கைக்குக் கோரைப்பாயும் அதன் மேல் போர்வையும். காற்று அடைக்கும் மெத்தை ஒன்று வந்தது, உடைமுள் குத்திப் பத்து மணிக்கே அடங்கிவிட்டது. ஸ்லீப்பிங் பேக் தேவையே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு, நூறு மீட்டர் பொத்தைக்கு முக்கால் டிகிரிகூடக் குறையாது. மலை மேல் குளிரும் என்று நினைத்து ஸ்வெட்டர் அடுக்கியவர்கள் சும்மா சுமந்தார்கள். காதை மூட ஒரு துண்டு போதும்.

அந்த ராத்திரி

அண்ணாச்சி அடிவாரத்தில் நின்று ஒவ்வொரு பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் மேல போய்ப் படுத்துக்கிடலாம்னு பாக்காதீய. இப்ப வாடைக்காத்து. மேக்க தோள்ல பாறைக்கு மறைவா படுங்க, வெறும் பாறையில விரிக்காதீய, சூடு இறங்காது" என்றார். இரண்டும் அப்படியே நடந்தன. பகல் முழுக்க வெயில் குடித்த பாறை ராத்திரி பத்து மணிக்கும் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, மண் தரை எட்டு மணிக்கே ஆறிவிட்டது. டென்ட் முளைகள் இறங்குகிற அளவுக்கு மண் ஆழம் இல்லாத இடத்தில் கயிற்றைத் தலை அளவு கல்லில் சுற்றிக் கட்டினோம். கல்லை எடுக்கும் முன் கம்பால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், தேளும் சுருட்டை விரியனும் இருக்கிற இடம் அதுதான்.

பாம்பு பற்றி ஒரு வார்த்தை. இதில் டென்டின் உண்மையான பயன் குளிரோ பனியோ இல்லை. தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது, காலையில் கண் இமை தொங்கும்போதுதான் தெரியும். அடிப்பக்கம் தைத்த, ஜிப் முழுக்க மூடுகிற டென்ட் அதைத் தடுக்கிறது. ஆகவே எவ்வளவு புழுங்கினாலும் வலை ஜிப்பை மூடித்தான் படுக்க வேண்டும், ஷூவை உள்ளே வைக்க வேண்டும், வெளியே வைத்தால் தட்டிவிட்டுப் போட வேண்டும். ஏதாவது நடந்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் கிடையாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் இறக்கி, நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. 108-க்குச் சொல்ல சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்தோம். தோளில் ஒரு நெட்வொர்க் மட்டும் எடுத்தது, உச்சியில் எல்லாம் எடுத்தது.

ஒன்பதரை மணி இருக்கும், கீழேயிருந்து நான்கு டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. ஊர்ப் பையன்கள். "யாரு அது மேல?" என்ற குரலில் அவ்வளவு நல்லெண்ணம் இல்லை. அண்ணாச்சி பெயரையும் சாஸ்தா கோவில் பெரியவர் பெயரையும் சொன்னதும் குரல் இறங்கியது, "அப்படியா அண்ணே, தாத்தா சொன்னாவ, இன்னைக்குன்னு தெரியாது" என்று பக்கத்தில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது கிழக்குச் சரிவில் காட்டுப்பன்றி இறங்கும், அந்தப் பக்கம் ராத்திரி போகாதீங்க என்று சொன்னதும் அவர்கள்தான். முந்தைய வாரம் செலவழித்த அரைநாள் இந்த ஐந்து நிமிடத்துக்காக.

தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நன்றாகத் தெரிந்தது, அதை வெள்ளைக்காரன் கனோபஸ் என்பான் என்று சித்தப்பா பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு மேல் காற்று ஏறியது. உச்சிப் பாறையில் அது அடிக்கும் சத்தம் கேட்டதே தவிர தோளில் டென்ட் துணி படபடத்ததோடு சரி. இரண்டு பேர் சரியாகத் தூங்கவில்லை, முதல் முறை யாரும் நன்றாகத் தூங்குவதில்லை, அதை முன்னமே சொல்லி வைத்தால் காலையில் ஏமாற்றம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் யாருக்கும் வேலை வைக்காமல் விட்டது அதனால்தான்.

ஆறே காலுக்கு உச்சி, ஆறே முக்கால் வாக்கில் சூரியன். மேற்கே மலை முகடுகளில் வெளிச்சம் முதலில் விழுந்து மெல்ல இறங்குவதைப் பார்க்க உதயத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், கூட்டத்தில் பாதிப் பேர் கைபேசியோடு கிழக்கே பார்த்து அதைத் தவறவிட்டார்கள்.

இறங்குவதில்தான் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்திருந்தோம், வந்தது. பனி விழுந்த வழுக்குப் பாறையில் சித்தப்பா இரண்டு எட்டு வைத்ததுமே கால் சறுக்கியது, விழவில்லை. உடனே உட்கார வைத்தோம். இட்லியைப் பிரித்தோம், ஏழே முக்காலுக்குப் பாறை காய்ந்த பிறகு, அவரை நடுவில் விட்டு, முன்னால் ஒருவர் பக்கவாட்டில் நின்று கை கொடுத்து, சுமை எதுவும் கொடுக்காமல் இறக்கினோம். ஏற நாற்பது நிமிடம், இறங்க ஐம்பத்தைந்து. வயதானவர் வருகிறார் என்றால் இறங்கும் நேரத்தை வைத்துத்தான் மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லோரும் ஏறும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கணக்கு

தண்ணீரில் நாலு லிட்டர் மிஞ்சியது. 30 என்ற அளவைக் குறைக்க மாட்டேன். டென்ட் மூன்றும் வாடகை, சொந்தமாக வாங்க வேண்டிய தேவை ஒரு ராத்திரிக்கு இல்லை. மொத்தச் செலவில் பெட்ரோலும் வாடகையும்தான் பெரியது. குப்பை ஒரு சாக்கு, அதில் எங்களுடையது பாதி, மீதி ஏற்கெனவே மேலே கிடந்த உடைந்த பாட்டிலும் பிளாஸ்டிக் கப்பும். குழிகளை மூடி மேலே கல் வைத்தோம், காட்டுப்பன்றி கிளறாமல் இருக்க.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் இதே திட்டம் உடைந்துவிடும் என்று நினைக்கிறேன். தண்ணீர்ச் சுமை கூடுவதைவிடச் சத்தம் கூடுவதுதான் பிரச்சினை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அதில் ஒருவர் ஸ்பீக்கர் கொண்டுவருவார், கீழே ஊரில் அதிகாலை நாலு மணிக்குப் பால் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரில் வருகிற இன்னொரு கூட்டம் இந்த இடத்தைக் கேட்டது, பதினைந்து பேர், ஏப்ரல் மாதம். குற்றாலப் பக்கம் காசு கொடுத்துத் தங்கச் சொல்லிவிட்டோம்.

அண்ணாச்சியிடம் பணம் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "பணம் வாங்கினா நாளைக்கு நான் லாட்ஜ் நடத்துறேன்னு சொல்லுவானுவ" என்றார். மோட்டார் ரூம் கழிப்பறைக் கதவின் கீல் உடைந்திருந்தது, அடுத்த வாரம் எங்களில் ஒருவர் ஆசாரியைக் கூட்டிப் போய் மாற்றிக் கொடுத்தார். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடியும் வரலாமா என்று கேட்டதற்கு, கோவில் திருவிழா முடியட்டும், கோடையில வேண்டாம், அடுத்த தை பிறந்த பிறகு போன் பண்ணிட்டு வாங்க, ஆனா அந்தக் காத்து மெத்தையைக் கொண்டு வராதீங்க என்று சொல்லியிருக்கிறார்.